சிவப்புக் கட்டம்

மதிவதனிக்கு அரைகுறை என்றால் ஆகாது. பாதி மூடிய டப்பா, பொத்தான் போடாத சட்டை, இழுத்துக்கொண்டே போகும் பேச்சு, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு முறைப்பு உண்டு. வேங்கிக்கால் வீட்டில் இருந்தபடியே லாட்ஜுகளுக்கும் கடைகளுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறாள். வேலையிலும் அதே கறார்தான்.

எந்த வெப் பக்கமும் பிரவுசரிடம் போகும்போது, தான் இன்ன வகை என்று முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போகும். மற்றவர்கள் எல்லாம் 'எச்டிஎம்எல்' என்று சொல்லி அனுப்புவார்கள். உள்ளே தப்புத்தண்டா இருந்தாலும் பிரவுசர் பெரிய மனசு பண்ணி, எப்படியோ சமாளித்துக் காட்டிவிடும். மதிவதனி 'எக்ஸ்எச்டிஎம்எல்' என்று சொல்லி அனுப்புவாள். அதில் சலுகையே கிடையாது. எழுத்தை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் 'டேக்' குறி ஒன்றைத் திறந்துவிட்டு மூடாமல் விட்டால், பக்கம் அங்கேயே நின்று சிவப்புக் கட்டத்தில் இங்கிலீஷில் தப்பைக் காட்டும்.

"தப்புன்னா உடனே தெரியணும். மறைக்கறதுல இன்னா பெருமை?" என்பாள். அவள் ஒருத்தியே எழுதிக்கொண்டிருந்தவரை அந்தப் பேச்சு செல்லுபடியானது.

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் வழி தவறியவர்களை உட்காரவைத்துச் சோறு போடும் தொண்டர் கொட்டகைக்கும் அவள் காசு வாங்காமல் ஒரு பக்கம் செய்து கொடுத்திருந்தாள். வந்து சேர்ந்தவர்களின் பெயர் அதில் ஏறும். தேடுகிறவர்கள் போனில் பார்த்துக்கொள்ளலாம். இந்த மாதம் பெயர் ஏற்றும் வேலையைக் கொட்டகையைக் கவனிக்கும் உண்ணாமலையக்காவே எடுத்துக்கொண்டார். ஒரு குழந்தையின் பெயரைத் தடித்த எழுத்தில் போட ஆசைப்பட்டுக் குறியைத் திறந்தவர், மூட மறந்துவிட்டார். அதற்கப்புறம் ஏற்றிய பெயர் ஒன்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் மதியம்தான் கொட்டகையிலிருந்து மதிவதனிக்குப் போன் வந்தது. கையோடு குறியை மூடிச் சரிசெய்தாள். அதோடு விட்டாளா? அக்காவை நேரிலேயே நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பிவிட்டாள்.

கொட்டகையில் ஓர் ஆள் வயதான அம்மா ஒருவரின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். கீழ்பென்னாத்தூர்க்காரர், பெயர் திருமலை. கூட்டத்தில் கை நழுவிப்போன தன் அம்மா ராணியம்மாளின் பெயர் போனில் தெரிந்த மறு நிமிடமே ஓடிவந்திருக்கிறார்.

"காலையிலேர்ந்து போனையே பாத்துனு இருந்தேங்க," என்றார் பொதுவாக எல்லோரிடமும். "செவப்புக் கட்டம் போட்டு இங்கிலீஷ்ல என்னமோ வந்துச்சி. எனக்குப் படிக்க வராது. அம்மா செத்துட்டாங்க, அதைத்தான் அப்படிப் போட்டிருக்காங்கன்னு நெனச்சிட்டேன். ஆஸ்பத்திரில பொணம் வெக்கிற எடத்துல போய்ப் பாத்துட்டு வரேங்க."

"நீ சாப்ட்டியாடா?" என்று ராணியம்மாள் அவர் தலையைத் தடவினார்.

மதிவதனி தோளில் மாட்டியிருந்த பையை இறக்கி வைத்தாள். தப்பு உடனே தெரிந்தது, வாஸ்தவம்தான். யாருக்குத் தெரிந்தது? திருத்த வேண்டிய அவளுக்கு அல்ல. ஒன்றும் செய்ய முடியாத இந்த மனிதருக்கு. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். பக்கம் என்ன வகை என்று சொல்லி அனுப்பும் அந்த ஒற்றை வரியை 'எச்டிஎம்எல்' என்று மாற்றினாள்.

"என்னம்மா மாத்தறே?" என்றார் உண்ணாமலையக்கா.

"இனிமே நீங்க எப்படி அடிச்சாலும் பேரு தெரியும்க்கா."

"அப்படி ஒண்ணு இருக்குதா?" அக்கா நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அப்போ மொதல்லயே பண்ணியிருக்கலாமேம்மா."