சாப்பாட்டுக்கு ஊதாத சங்கு

எனக்குக் கோபம் வந்தால் முதல் அடி மவுஸுக்குத்தான். நான் உடைத்த மவுஸ்களை என் மனைவி ஒரு அட்டைப் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறாள். சொந்தக்காரர்கள் வந்தால் கல்யாண ஆல்பம் காட்டுவதுபோல் எடுத்துக் காட்டுவாள். அவளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "அந்தப் பெட்டியப் பத்தியும் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

சாத்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவது என் தொழில். மயில், சிங்கம், ராக்கெட் மேல் ஏறிப் போகும் குழந்தை என்று எதைக் கேட்டாலும் கணினியில் வரைந்து சிவகாசி அச்சகங்களுக்கு அனுப்புவேன். இந்தத் தொழிலில் வாய்க்கட்டு முக்கியம். தீபாவளிக்கு என்ன புதுப் பெட்டி வரப்போகிறது என்பது, அது கடைக்கு வந்து சேரும்வரை வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் அதே மயில் அதே நிறத்தில் வேறொரு கம்பெனிப் பெட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் எந்த அச்சகமும் என் வாசலை மிதிக்காது. என்னிடமிருந்த லேபிள்கள் முழுக்க இந்த ஒரு கணினியில்தான் இருந்தன.

அதனால், 'உங்கள் கணினிக்குள் யாரோ நுழைய முயல்கிறார்கள்' என்று திரையின் மூலையில் முதல் தடவை சிவப்பாகக் கட்டம் வந்தபோது நான் லேபிள் கோப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். கணினி வாங்கும்போது இலவசமாகக் கூடவே வந்த ஆன்டிவைரஸ் அது. கட்டத்தைத் தொட்டால், யார் நுழைந்தார்கள் என்று சொல்லாது. பணம் கட்டிப் பெரிய பாதுகாப்பை வாங்கச் சொல்லும். மூடினால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வரும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்தப் பேய்க்கு என் வீட்டில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது.

ஒன்று போதாது என்று இன்னொரு ஆன்டிவைரஸையும் இறக்கினேன். ஒரே உறையில் ரெண்டு கத்தி. புதியது பழையதைத் திருடன் என்றது, பழையது புதியதைத் திருடன் என்றது. ரெண்டும் கட்டிப் புரண்டதில் கணினி, ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போகிற பஸ் மாதிரி நகராமல் நின்றது. கடைசியில் நான் எச்சரிக்கை எதையுமே படிப்பதில்லை என்று ஆகிவிட்டது. வந்தால் ஈ ஓட்டுவதுபோல் மூடிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

என் மனைவிக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. அவள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பெண்ணாக இருந்தாலும் அந்த வேலைக்குப் பெயர் போர்மேன்தான். வேதியியல் படித்தவள். காலையில் கம்பெனி வேனில் போய்ப் பொழுது சாயத் திரும்புவாள். செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், இடையில் எது நடந்தாலும் அவளைக் கூப்பிட முடியாது. அங்கே ஒவ்வொரு அறைக்குள்ளும் போகும்முன், உடம்பில் உள்ள மின்சாரம் இறங்கட்டும் என்று வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அந்தப் பழக்கத்தில் எங்கள் வீட்டுக்குள் வரும்போதும் கதவுத் தாழ்ப்பாளைத் தொடுவாள். இவ்வளவு கவனமான ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டது எப்படி என்று நான் கேட்டால், "அன்னைக்குத் தகட்டத் தொடாம வந்துட்டேன்" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டு உடைந்தது. மயில்தோகைக்கு மாதிரிப் படம் தேடி ஏதோ ஒரு தளத்துக்குள் போனேன். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு. ஸ்பீக்கரிலிருந்து, பட்டாசுக் கம்பெனியில் ஆபத்துக்கு ஊதுவார்களே அது மாதிரி ஊளையிடுகிற சங்கு. 'உங்கள் கோப்புகள் திருடப்படுகின்றன, கணினியை அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று கீழே ஒரு நம்பர். நான் பதறிப்போய்ப் போனைக் கையில் எடுத்தேன்.

அதற்குள் அடுப்படியில் காஸ் அணைந்துவிட்டது. அடுத்த நொடி மெயின் சுவிட்ச் விழுந்தது. என் மனைவி வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, "வெளிய வாங்க, வெளிய வாங்க" என்று தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் தெருவில் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். சங்குச் சத்தம் கேட்டதும் அவர்களும் கையில் கரண்டியோடும் தலையில் எண்ணெயோடும் தெருவில் வந்து நின்றார்கள். எல்லாரும் ஆகாயத்தைப் பார்த்தார்கள். புகை இல்லை. என் மனைவி தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மெயின் சுவிட்சை அணைத்து என்ன, இன்வெர்ட்டர் இருக்கிறதே. உள்ளே சங்கு விடாமல் ஊதிக்கொண்டிருந்தது.

"கம்ப்யூட்டர்தான்" என்று நான் சொன்னேன். தெருவே சிரித்தது. ஆன்டிவைரஸ் தெரியாத ஆளாக இருந்தாலும், கம்ப்யூட்டருக்குப் பயந்து தெருவில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் சிரிக்கத்தானே செய்வான். வேறு யாராவது அவள் இடத்தில் இருந்திருந்தால் கூனிக் குறுகி உள்ளே ஓடியிருப்பார்கள். அவள் அசையவில்லை.

"ஓடியாந்தது சரிதான். அது கத்துனதுதான் தப்பு" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த நிமிஷம் அவளை நினைத்து எனக்கு வந்த பெருமையை இப்போதும் மறைக்கத் தோன்றவில்லை.

உள்ளே வந்து முதல் வேலையாக இன்டர்நெட் வயரைப் பிடுங்கினாள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்தாள். "பக்கத்து ரூமுக்குப் பரவாமப் பாக்கணும். மத்ததெல்லாம் அப்புறந்தான்" என்றாள். பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். "யாருக்கு அடிக்கப் போனீக?"

"அதுலயே நம்பர் குடுத்திருந்தான்."

"கத்துறவனே நம்பரும் குடுக்கானா? நல்லாருக்கே! அடிச்சிருந்தா கம்ப்யூட்டரத் தொறந்து அவன் கையில குடுத்திருப்பீக."

கடைத்தெருவில் கணினி பழுதுபார்ப்பவரை வரவழைத்து அலசச் சொன்னோம். அது வெறும் இணையப் பக்கம், உள்ளே எதுவும் நுழையவில்லை என்றார். நான் பெருமூச்சு விட்டேன். அவள் விடவில்லை. சிவப்புக் கட்டங்களின் கதையையும், நான் ஈ ஓட்டிய கதையையும் ஒவ்வொன்றாகக் கறந்தாள்.

அப்போதுதான் கம்பெனிச் சங்கைப் பற்றிச் சொன்னாள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே டீக்கும் அதே சங்கு, சாப்பாட்டுக்கும் அதே சங்கு, ஆபத்துக்கும் அதே சங்கு. சங்கு ஊதினால் பெண்கள் ஆற அமரக் கை கழுவி, தூக்குச்சட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வருவார்களாம். அவள் முதலாளியிடம் மல்லுக்கு நின்றாள். டீக்கும் சாப்பாட்டுக்கும் தண்டவாளத் துண்டைத் தூரத்தில் கட்டி மணி மாதிரி அடியுங்கள், சங்கு ஆபத்துக்கு மட்டும்தான் ஊதணும் என்றாள். இதுக்கெல்லாமா சண்டை போடுவாள் ஒரு பொம்பளை என்று ஆபீஸில் முணுமுணுத்தார்களாம். நடத்திக் காட்டிவிட்டாள்.

"உங்க ஆன்டிவைரஸும் சாப்பாட்டுக்குத்தான் சங்கு ஊதுது" என்றாள். "அத முதல்ல தூக்குங்க."

ரெண்டையும் தூக்கினோம். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி ஒவ்வொரு ஆன்டிவைரஸாகச் சோதனைக்கு வரவழைத்தாள். எது பலசாலி என்று நான் இணையத்தில் போட்டிருந்த நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது இரண்டாம்பட்சம். ஒருத்தன் கேட்காமலே தன் சொந்தபந்தம் ஏழெட்டு மென்பொருளைக் கூட்டிக்கொண்டு வந்தான், வாசலோடு போகச் சொன்னாள். ஒருத்தன் மணிக்கு ஒரு தரம் தன் வீரத்தைத் தானே சொல்லிக்கொண்டிருந்தான், அவனையும் அனுப்பினாள். சோதித்துப் பார்ப்பதற்கென்றே தீங்கில்லாத ஒரு போலி வைரஸ் கோப்பு இருக்கிறதாம். அதை எங்கேயோ படித்துத் தேடி எடுத்து, ஒவ்வொருவன் முன்னாலும் போட்டாள். எதைத் தடுத்தாய், எங்கிருந்து வந்தது, நான் இப்போது என்ன செய்ய வேண்டும்? இந்த மூன்றையும் கத்தாமல் சொன்ன ஒருவனை வைத்துக்கொண்டாள். "பேசாம இருக்கான். இருந்தாலும் வேலை பாக்கான். உங்களுக்கு நேர் எதிர்" என்றாள்.

அதோடு நிற்கவில்லை. என் லேபிள்களை ஒரு தனி ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, கணினியில் அன்றைய வேலையை மட்டும் விட்டுவிட்டு, டிஸ்கைக் கழற்றிப் பீரோவில் வைக்கச் சொன்னாள். கலவை அறையில் அன்றைக்குத் தேவையான வெடிமருந்துதான் இருக்கும், மிச்சமெல்லாம் தள்ளி வேறொரு அறையில் என்பது அவர்கள் கம்பெனிச் சட்டம். வேலை முடிந்த லேபிளை ஏற்றுவதற்காகத் தினமும் சாயங்காலம் டிஸ்கை எடுத்துச் செருகுவதும் கழற்றுவதும் எனக்கு மகா எரிச்சல். இன்னொரு மவுஸ் பெட்டிக்குப் போனது.

சீசன் சூடு பிடித்தது. புதியவன் வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. செத்துவிட்டானா என்றுகூடச் சந்தேகப்பட்டேன். அப்படியிருந்த ஒரு முற்பகலில், எனக்கு நிறைய ஆர்டர் தருகிற சிவகாசி அச்சகத்திலிருந்து மெயில் வந்தது. 'லேபிளில் திருத்தம், அவசரம்' என்று ஒரு கோப்பு. அன்றைக்குச் சாயங்காலம் அவர்கள் அச்சுக்குப் பிளேட் எடுக்க வேண்டும். தட்டினேன். மூலையில் சின்னதாக ஒரு கட்டம், சத்தமே இல்லாமல். 'இந்தக் கோப்பு உங்கள் மற்றக் கோப்புகளைப் பூட்ட முயன்றது. தடுத்துத் தனியே வைத்திருக்கிறேன்.' அதற்குக் கீழே 'அனுமதி' என்று ஒரு பட்டன்.

எனக்கு நன்றாகத் தெரிந்த அச்சகம். அவசரமான வேலை. கை தானாக 'அனுமதி' பக்கம் போயிற்று. பழைய ஆன்டிவைரஸாக இருந்திருந்தால் படிக்காமலே அழுத்தியிருப்பேன். ஆனால் இத்தனை நாள் வாயே திறக்காதவன் இன்றைக்குத் திறந்திருக்கிறான். அதனால் இன்னொரு தரம் படித்தேன். மவுஸை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு இன்டர்நெட் வயரைப் பிடுங்கினேன்.

அச்சக முதலாளியின் போனுக்கு அடித்தேன். மெயிலில் இருந்த நம்பருக்கு இல்லை, பல வருஷமாக என்னிடம் இருக்கிற நம்பருக்கு.

"நான் மெயிலே அனுப்பலயே தம்பி" என்றார் அண்ணாச்சி. குரல் உடைந்திருந்தது. "காலையில இருந்து இங்கன ஒரு பைலும் தொறக்க மாட்டேங்கு. எவனோ எல்லாத்தையும் பூட்டிட்டான். நீங்க அனுப்புன லேபிள் அம்புட்டும் அதுக்குள்ளதான். சீசன் போச்சு தம்பி."

"போகல அண்ணாச்சி. என் பீரோவுல இருக்கு."

அவர் அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. பழுதுபார்ப்பவர் வந்து என் கணினியை முழுக்க அலசி, சுத்தம் என்று சொன்ன பிறகுதான் டிஸ்கைப் பீரோவிலிருந்து எடுத்தேன். லேபிள்களைப் புதுப் பென்டிரைவில் ஏற்றிவைத்தேன். காரைப் போட்டுக்கொண்டு வந்த அண்ணாச்சி, கோயில் திருநீறு வாங்குவதுபோல் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். இன்னொரு சுத்தமான கணினியில் வைத்து அன்றைக்கே பிளேட் எடுத்துவிட்டார்கள். ஒரு மயில்கூட வெளியே பறக்கவில்லை.

மனைவியிடம் சொல்ல எனக்கு வாய் துடித்தது. வேன் அன்றைக்கு வழக்கத்தைவிடப் பிந்தித்தான் வந்தது. ஏன் என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டேன். மெயில் வந்தது, கை போனது, கை நின்றது, வயரைப் பிடுங்கியது, அண்ணாச்சி குரல் உடைந்தது எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அவள் கை கால் கழுவினாள், காப்பி கலந்தாள், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள். அண்ணாச்சி வேஷத்துக்குச் சிரித்தாள். "பாவம், வந்த மனுசரு சாப்பிட்டாகளா?" என்றாள். "படிச்சுப் பாத்தீகல்ல, அதான் பெருசு" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எங்க கம்பெனியிலயும் இன்னைக்குச் சங்கு ஊதிருச்சு."

"என்னது?" என்றேன்.

"ஒரு ரூம்ல லேசாப் பொகஞ்சுச்சு. ஊதச் சொன்னேன். எல்லாரும் போட்டது போட்டபடி ஓடியாந்துட்டாக. எண்ணிப் பாத்தேன், ஆளு சரியா இருந்துச்சு. அதுக்கப்புறந்தான் வெடிச்சுச்சு. இப்ப அந்த ரூமுக்குக் கூரை இல்ல." நகக்கண்ணில் ஒட்டியிருந்த, பட்டாசுக்குப் போடும் வெள்ளிப்பொடியைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "ஒருத்தி கூட டீக்குன்னு நெனைக்கல."

அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு சாயங்காலம் முழுக்க நான் காகித மயிலைக் காப்பாற்றிய கதையை ஆடிப்பாடிச் சொல்லியிருக்கிறேன். அவள் அத்தனை பேர் உயிரை எண்ணிச் சரிபார்த்துவிட்டு வந்து எனக்குக் காப்பி கலந்திருக்கிறாள்.

"வந்ததும் சொல்ல வேண்டியதுதான?" என்றேன். பயத்தில் கோபமாகத்தான் வந்தது.

"நீங்க அம்புட்டுச் சந்தோசமாச் சொல்லிக்கிட்டு இருந்தீக" என்றாள். "முடியட்டும்னு இருந்தேன்."