இரண்டு சாமிக்கும் நேர்ந்த பணம்

நல்லம்மாள் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது, என் நாத்தனார் பவுனம்மாள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு எங்களைப் பார்க்க வந்த அன்று. வந்தவள் காலைக்கூடக் கழுவவில்லை. "எங்க லயத்துல நல்லம்மானு ஒருத்தி. இருநூத்தம்பது வெள்ளி வந்துச்சுன்னு ரெண்டு நாளா உக்காந்து அழுவுறா" என்றாள். ஊரெல்லாம் வேலை போய்த் தாய்நாட்டுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் அது. பணம் இல்லையென்று அழுதவர்களை நிறையப் பார்த்திருந்தோம். பணம் வந்ததற்கு அழுதவளைப் பற்றி அன்றுதான் கேள்விப்பட்டேன். பிறகு விசாரித்தால், கிள்ளானில் பால் மாடு வைத்திருந்து இறந்துபோன அவளுடைய அப்பா, என் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காவைக் கட்டியவர். அந்த வழியில் அவள் எனக்கு அக்கா முறை. இனிச் சொல்லப்போவதெல்லாம் அவளே பின்னாளில் என்னிடம் சொன்னது.

நல்லம்மாளின் புருஷன் நாகையாவுக்கு ரயில் பாதையில் கல் கொட்டும் வேலை. பன்னிரண்டு வருஷம் செய்தான். ஆட்களைக் குறைத்தபோது வேலையை மேய்க்கும் மண்டோர் வந்து வாசித்த பட்டியலில் அவன் பெயரும் இருந்தது. மாசக் கடைசிக்குள் ரயில்வே கொடுத்திருந்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். ஊருக்குப் போகிறேன் என்று பெயர் கொடுத்தால் கப்பலுக்குக் காசு கேட்கமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நல்லம்மாள் பிறந்ததே கிள்ளானில். கடலுக்கு அந்தப் பக்கம் அவளுக்கு முகம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இந்தப் பக்கம் பாலன் இருந்தான். பாலன் அவளுடைய மூத்த பிள்ளை. இரண்டு வயதில் காய்ச்சலில் போனவன். ரயில் பாதையைத் தாண்டி ஒரு மேட்டில் அவனைப் புதைத்திருந்தார்கள். செவ்வாய் தவறாமல் போய் அந்த மேட்டில் புல்லைப் பிடுங்கிவிட்டு வருவாள். அவனை அங்கே விட்டுவிட்டு எப்படிக் கப்பல் ஏறுவது?

பாலன் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அவனுக்கு முதல் மொட்டை அம்மன் கோயிலில் போடுவதாக நேர்ந்திருந்தாள். கையில் காசில்லாமல் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிப்போய், கடைசியில் முடியோடுதான் பிள்ளையைப் புதைத்தார்கள். அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. நாகையாவுக்கும் அப்படியே. ஆனால் பிள்ளை போன ஆறு வருஷத்தில் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அந்த நேரத்தில்தான் நாகையா யாருக்கும் சொல்லாமல் வாங்கிய குதிரைப் பந்தயச் சீட்டுக்குச் சின்னப் பரிசு விழுந்தது. பணத்தை வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு பட்டப்பகலில் வீட்டுக்கு ஓடிவந்தான்.

"ஏ புள்ள, கதவச் சாத்து."

நல்லம்மாள் பாயில் கிடந்த நோட்டுகளைப் பார்த்தாள். எங்கே திருடினான் என்றுதான் முதலில் நினைத்தாள். சீட்டு என்று தெரிந்ததும் அவள் கை தானாகக் குவிந்தது. அதற்குள் நாகையா சொன்னான்:

"இதுல பாதியத் தொடாத. சீட்டு வாங்கின அன்னைக்கே முருகனுக்கு நேர்ந்துக்கிட்டேன். பத்துமலையில வெண்கல மணி. அடிச்சா கோலாலம்பூர் வரைக்கும் கேக்கணும்."

"கோலாலம்பூர் வரைக்குமா? ஏங்க, கொஞ்சம் கிட்டக்க கேக்குற மாதிரி நேர்ந்திருக்கக் கூடாதா?"

"சாமிகிட்டப் போயி யாராச்சும் கஞ்சத்தனமாப் பேசுவாங்களா?"

நல்லம்மாள் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள். "நானும் நேர்ந்திருக்கேன்" என்றாள்.

"யாருக்கு?"

"நம்ம அம்மனுக்கு. மண்டோரு பேரு வாசிச்ச அன்னைக்கு. எப்படியாச்சும் ஒரு வழி காட்டு தாயே, பதினஞ்சு பவுன்ல காசுமாலை போடுறேன்னு."

"பதினஞ்சா! அஞ்சு பவுன் சொன்னா ஆவாதா?"

"சாமிகிட்டப் போயி யாராச்சும் கஞ்சத்தனமாப் பேசுவாங்களா?"

நாகையா சிரித்துவிட்டான். சிரித்த வாய் பாதியில் நின்றுபோயிற்று. மறுநாள் தட்டானிடமும் பாத்திரக் கடையிலும் கேட்டு வந்தான். காசுமாலைக்கும் மணிக்கும் கொடுத்தது போக மிஞ்சுவது எட்டு வெள்ளி. எட்டு வெள்ளியை வைத்துக்கொண்டு எந்த வீட்டுக்குக் குடிபோவது, எத்தனை நாள் சோறு தின்பது? நேர்ந்ததைத் தள்ளிப்போடலாம் என்று அவன் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் ஒரே எண்ணம்தான். ஐந்து வயது மகள் புஷ்பவல்லி வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துத்தான் நல்லம்மாள் அழ ஆரம்பித்தாள்.

தண்ணீர் பிடிக்கிற பைப்படியில் என் நாத்தனார் சும்மா இருப்பாளா? "ஏன்டி நல்லம்மா, அந்தப் பாரம் தாங்கலேன்னா எங்கிட்டக் குடு, நான் சொமக்கிறேன்" என்று கேட்டிருக்கிறாள். நல்லம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "உனக்கு அதைச் சொமக்க இடுப்பு பத்தாதுக்கா" என்றாளாம். சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து மறுபடி அழுதாள்.

மூன்றாம் நாள் கிள்ளானிலிருந்து அவளுடைய அண்ணன் சின்னையா வந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். குரல் எப்போதும் கப்பலுக்குக் கேட்கிற மாதிரிதான் இருக்கும்.

"மாப்ள, யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? பேரக் குடு. ஓசிக் கப்பல். காச இடுப்புல கட்டிக்கிட்டு ஊருல போயி ரெண்டு மா நெலம் வாங்கிப் போடு."

"சாமிக்கு நேர்ந்தது மச்சான்."

"நீ கப்பல் ஏறிட்டா சாமி என்ன, கடலத் தாண்டி வந்தா கேக்கப்போவுது?"

அடுப்படியில் இருந்த நல்லம்மாள் தலையை நீட்டினாள். "கடலத் தாண்டித்தானே அண்ணே நம்ம அம்மனே இங்க வந்தா?"

சின்னையா தம்ளரைக் கையில் எடுத்தான். காப்பியைக் குடித்தான். பிறகு பேச்சை மாற்றுகிறவன் போல, "எல்லாரும்தான் போறான். நம்ம அப்பாவுக்குப் பழக்கம், பால்காரக் கன்னையா, அவனும் போறான். ரெண்டு கறவை மாடு. பாதி வெலைக்கு வச்சிக்கிட்டு நாயா அலையுறான், வாங்க ஆளில்ல" என்றான்.

நல்லம்மாள் கையில் இருந்த அகப்பை நின்றது. பத்து வயதிலிருந்து கல்யாணம் வரை அப்பாவின் மாடுகளைக் கறந்த கை அது. கன்னையாவின் மாடுகள் எப்படி இருக்கும் என்று அண்ணனைக் கேட்டாள். செவலை ஒன்று, காரி ஒன்று. இரண்டும் கன்று போட்டு ஒரு மாசம்தான்.

அண்ணன் போன பிறகு அவள் நாகையாவிடம் மெல்லச் சொன்னாள். "ரெண்டு மாடும் ரெண்டு சாமிக்கு. செவலை அம்மனுக்கு, காரி முருகனுக்கு. அவங்க பணத்துல அவங்க மாடு. நம்ம மேய்க்கிறவங்க. மேய்க்கிற கூலியா நம்ம சோத்துக்கு எடுத்துக்குவோம். மிச்சம் மணியும் காசுமாலையும் ஆவுற வரைக்கும் உண்டியல்ல போடுவோம்."

"அது தள்ளிப்போடுற மாதிரி ஆவாதா புள்ள?"

அவள் பயமும் அதுதான். முதல்முறையாக அன்றைக்குத்தான் பாலனுடைய முடியைப் பற்றி இருவரும் பேசினார்கள். பேசி முடித்தபோது நாகையா, "நம்மளா முடிவு பண்ண வேணாம். கேட்டுடுவோம்" என்றான்.

கேட்பது என்றால் பூக் கேட்பது. லயத்துக்குப் பின்னால் இருந்த அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் அது நடக்கும். பண்டாரம் வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் வைத்து, ஒன்றுபோலப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் உருட்டிவிடுவார். ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் கூடாது. கூடாது என்று வந்துவிட்டால் மறுபேச்சு கிடையாது. மணிக்கும் காசுமாலைக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கப்பலுக்குப் பெயர் கொடுக்க வேண்டியதுதான்.

பண்டாரம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு தாடியைச் சொறிந்தார். "இங்க அம்மாவைக் கேக்கலாம். மணி முருகனுக்காச்சே. பத்துமலைக்கும் போயி ஒருவாட்டி கேக்கணுமோ?"

"அம்மா சரின்னு சொன்னா மகன் மாட்டேன்னா சொல்லுவாரு?" என்றாள் நல்லம்மாள்.

பண்டாரம் சிரித்தார். "அதுவும் சரிதான். எங்க வீட்டுலதான் நடக்காது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

புஷ்பவல்லியைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். நல்லம்மாளுக்கு அம்மன் முகம் தெரியவில்லை. கண்ணை நீர் மறைத்தது. பிள்ளை குனிந்து ஒரு பொட்டலத்தைத் தொட்டாள். பிறகு அதை விட்டுவிட்டு மற்றதைத் தொட்டாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "என்னைப் பாக்காதடி, அவளைப் பாரு" என்றாள் நல்லம்மாள். பிள்ளை முதலில் தொட்டதையே எடுத்து நீட்டினாள்.

பண்டாரம் நாரை அவிழ்த்தார். உள்ளே நந்தியாவட்டை, வெள்ளை வெளேரென்று.

நல்லம்மாள் கோயில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆறு வருஷமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அன்றைக்குத்தான் விட்ட மாதிரி இருந்தது என்று என்னிடம் சொன்னாள். மாடு வாங்கலாம் என்பதைவிட, அம்மன் தன்னிடம் கோபமாக இல்லை என்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. நாகையா மட்டும் தயங்கித் தயங்கிப் பண்டாரத்தைக் கேட்டான்.

"சாமி, இன்னொன்னுல செவப்புதானே இருக்கு?"

பண்டாரம் அதற்குள் மற்றப் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டிருந்தார். "அம்மா ஒண்ணுதான் பிரிக்கச் சொல்லுவா. போ, போயி மாட்டைப் பாரு" என்றார்.

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு மாடுகளையும் கன்றுகளையும் நடத்தியே கொண்டுவந்தார்கள். இரண்டு நாள். பத்து தீகா என்ற ஊரில் காரி நடு ரோட்டில் படுத்துக்கொண்டு எழமாட்டேன் என்றது. பின்னால் ஒரு லோரி நின்று ஹாரன் அடித்தது. "உங்க முருகன் மாடுதானே, நீங்களே எழுப்புங்க" என்று நல்லம்மாள் ரோட்டோரத்தில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. நாகையா மாட்டை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். லோரிக்காரன் திட்டினான்.

ஆற்றோரம் கீரைத்தோட்டம் போட்டிருந்த ஒரு சீனர், அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகை ஒன்றை அவர்களுக்கு விட்டார். வாடகை பாதி காசு, பாதி சாணி. மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் லயத்துச் சாவியை மண்டோரிடம் கொடுத்துவிட்டுப் பானை சட்டியோடு அங்கே போனார்கள். கப்பலுக்குப் பெயர் கொடுக்கவில்லை. பாலன் இருந்த மேடு அங்கிருந்து கூப்பிடு தூரம்.

பால் விற்பது லேசாக இல்லை. வேலை போன ஊரில் யார் பால் வாங்குவார்கள்? முதல் ஆறு மாசம் ஆஸ்பத்திரி நர்சுகளுக்கும் ஒரு காப்பிக் கடைக்கும் ஊற்றினாள். மிஞ்சியதைத் தயிராக்கிப் பாசார் சந்தையில் விற்றாள். செவலை சாது. காரி உதைத்தது, பாலும் குறைவு. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் முதல் கறவை இரண்டு செம்பு கோயிலுக்குப் போகாமல் வீட்டில் யாரும் காப்பி குடித்ததில்லை. உண்டியல் இரண்டு வைத்திருந்தாள். அம்மன் உண்டியலிலிருந்து முருகன் உண்டியலுக்குக் கடனாகக்கூட ஒரு காசு மாற்றவில்லை.

மூன்றாம் வருஷம் தைப்பூசத்துக்கு மணியைக் கட்டினார்கள். கோலாலம்பூர் வரைக்கும் கேட்கவில்லை. மலையடிவாரம் வரை கேட்டது. "காரி கறந்த அளவுக்குத்தான் சத்தம்" என்றான் நாகையா. காசுமாலைக்கு இன்னும் நாலு வருஷம் ஆயிற்று. அதைச் சாத்திய அன்று நானும் போயிருந்தேன். பதினைந்து பவுனையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தாயே, கணக்குத் தீர்ந்துச்சு. இனி சின்னதாத்தான் கேப்பேன்" என்றாள் நல்லம்மாள். பக்கத்தில் நின்ற பவுனம்மாள் காதில் விழுந்து, அவள்தான் முதலில் சிரித்தாள்.

அதன் பிறகும் அவர்கள் மாட்டை விற்கவில்லை. கொட்டகையில் ஒன்பது மாடு வரை நின்றன. நாகையா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. பாலன் பக்கத்திலேயே அவனுக்கும் இடம் கிடைத்தது.

நல்லம்மாள் இப்போது கிள்ளானில் மகள் புஷ்பவல்லியின் வீட்டில், முன்னறையில் இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை மட்டும் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் அந்த மேட்டில் புல்லைப் பிடுங்கிவிட்டு வருகிறாள்.