இல்லாத கட்டிக்கு ஒரு சாட்சி

என் வீட்டுக்காரருக்கு யல்லா, கலாஸ், மாஃபி மூன்றும்தான் அரபி. யல்லா என்றால் 'கிளம்பு', கலாஸ் என்றால் 'முடிந்தது', மாஃபி என்றால் 'இல்லை'. துபாயில் ஏசி ரிப்பேர் வேலைக்கு அது போதும். என் மார்பில் இருந்த கட்டிக்குப் போதவில்லை.

இரண்டு கீமோ முடிந்ததும் டாக்டரம்மா இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். முதல் ஸ்கேனையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாராம். கட்டி சுருங்கத் தொடங்கியிருந்தால், அதற்குள் ஓடும் ரத்தம் குறைந்திருந்தால், இந்த மருந்து கேட்கும் என்று இப்போதே ஓரளவு சொல்லிவிடலாம். இல்லையென்றால் வீணாக உடம்பில் ஏற்றாமல் வேறு மருந்துக்கு மாறலாம். முதல் ஸ்கேன் வேறு ஆஸ்பத்திரியில் எடுத்தது. அந்த சிடியை மறக்காமல் எடுத்து வையுங்கள் என்று கிளம்பும்வரை இவரிடம் சொன்னேன். வைத்தாச்சு என்று எரிந்து விழுந்தார்.

மெஷினுக்குள் குப்புறக் கிடந்துவிட்டு வெளியே வந்தால், மனுஷருக்கு முகமெல்லாம் பல். டெக்னீஷியன் போனில் அரபியில் பேசியதைக் கேட்டாராம். மாஃபி, மாஃபி என்றாராம், கடைசியில் கலாஸ் என்றாராம். அப்படியென்றால் கட்டி இல்லை, எல்லாம் முடிந்தது. நான் டாக்ஸியில் ஏறுவதற்குள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார்.

அன்று குளிக்கும்போது தடவிப் பார்த்தேன். கட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. இவரிடம் சொன்னேன். எனக்கு விசுவாசம் போதாது என்றார்.

வெள்ளிக்கிழமை ஜெபக்குழுவில், இவர் பேச்சை நம்பி, ஆண்டவர் குணமாக்கினார் என்று என்னை எழுந்து சாட்சி சொல்லச் சொன்னார்கள். டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். அக்காமார் பார்த்த பார்வையைப் பார்த்தால், நான்தான் கட்டியை விடாமல் பிடித்து வைத்திருக்கிறேன் என்று தோன்றும். உடனே இவர் எழுந்தார். என் நோய்க்கு இவர் சாட்சி சொன்னார். குரல் தழுதழுத்தது, எல்லாரும் கைதட்டினார்கள், பிரியாணி வேறு. அந்தச் சட்டியை இவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

மறுவாரம் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, பழைய சிடி எங்கே என்பதுதான். டெக்னீஷியன் அன்று மாஃபி என்று சொன்னது அதைத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து இவருக்குப் போன்கூடப் போட்டிருக்கிறார்கள். குணமானவளுக்கு எதற்குப் போன் என்று இவர் எடுக்கவில்லை. சிடி சத்வாவில் எங்கள் ஃப்ளாட்டில் டிவிக்குப் பின்னால் கிடந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தார்.

இரண்டு படங்களையும் திரையில் போட்டார்கள். இரண்டிலும் அதே இடத்தில், அதே அளவில், ரத்த ஓட்டத்தைக் காட்டும் அதே வெளுப்பில் கட்டி இருந்தது. என் தலைமுடியைக் கொட்டவைத்த மருந்து அதைத் தொடவே இல்லை. மருந்தை மாற்றுவோம், ஆனால் அதுவும் கேட்குமா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

இவர் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "இனி ஜெபக்குழுவுல என்னன்னு சொல்ல?"

"மொதல்ல நான் பொழைப்பனான்னு டாக்டர்ட்ட கேளுங்க."

இவர் சிடி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே கேட்டேன்.