இருமல் மருந்துப் புட்டியில் எலுமிச்சைச் சாறு

என் கூடப் பிறந்தவர்களில் கடைசிக்கு முந்தியவள் பொடிச்சி. பிறந்தபோது உள்ளங்கை அளவுதான் இருந்தாள் என்று எங்கள் பெரியத்தை வைத்த பேர் அது. வளர்ந்து என்னைவிட அரை முழம் உயர்ந்துவிட்டாள், பேர் மட்டும் வளரவில்லை. அவளைக் கட்டியவர் பஸ் டிரைவர்; எங்கள் சின்ன மாமாவுக்கு மச்சினர் மகன். தங்கமான மனுஷன். ஆனால் ஜாடையாகச் சொன்னால் ஒன்றும் மண்டையில் ஏறாது. என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான் அவர்களோடுதான் இருக்கிறேன்.

பொடிச்சிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ராத்திரி வேலை. டிரைவர் விடியுமுன்னே டிப்போவுக்குப் போய்விடுவார். அவர் போன பிறகு இவள் வருவாள். இவள் போன பிறகு அவர் வருவார். லீவு நாளில் அகப்படும் கொஞ்சப் பொழுதையும் அசதித் தூக்கம் தின்றுவிடும். ஒரே கட்டிலில் பகலில் இவள், ராத்திரி அவர். தலையணைக்குத்தான் ரெண்டு பேர் முகமும் தெரியும். ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதெல்லாம் என் வழியாகத்தான் போகும், வரும்.

போன வருஷப் பரிசோதனையில் டிரைவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. மதியம் வெளியில் வாங்கித் தின்னக் கூடாது, பச்சைக் காய்கறி நிறையச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பொடிச்சி மாற்றி மாற்றி வைக்க வாய் அகன்ற கண்ணாடி ஜாடி ரெண்டு வாங்கி வந்தாள். சாயங்காலம் வேலைக்குக் கிளம்புமுன் சாலட் செய்து பிரிட்ஜில் வைப்பாள். விடியற்காலை அவர் எடுத்துப் போவார்.

முதல் நாள் எல்லாவற்றையும் நறுக்கி, உப்புப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, குலுக்கி மூடிவிட்டாள். மறுநாள் டிரைவர் வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்தார்.

“அண்ணி, உங்க தங்கச்சி சாலட் வச்சாளா, குளம் வெட்டி வச்சாளா? வெள்ளரிக்காய் நீச்சலடிக்குது!”

காலையில் அதை இவளிடம் சொன்னேன். “அவருக்கு நீச்சல்கூடத் தெரியாதுன்னு சொல்லுக்கா” என்று சிரித்தாள்.

உப்பு பட்டால் காய் தண்ணீர் விடும் என்று பிறகுதான் பிடிபட்டது. அப்புறம் அவள் செய்த விதமே வேறு. வெள்ளரியைப் பிளந்து நடுவிலிருக்கும் விதையை ஸ்பூனால் வழித்துவிடுவாள். ஜாடிக்கு அடியில் வேக வைத்த கொண்டைக்கடலை, அதன் மேல் கேரட், முட்டைக்கோஸ், வெள்ளரி. இலைகளைக் கழுவித் துணியில் ஒற்றி, ஈரமில்லாமல் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பாள். எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகு, ரெண்டு சொட்டு எண்ணெய், இதெல்லாம் தனியாக ஓர் இருமல் மருந்துப் புட்டியில். சாப்பிடும்போது ஊற்றிக் குலுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒருநாள் புட்டியை வைக்க நிஜமாகவே மறந்துபோனாள். மதியம் தூக்கத்திலிருந்து எழுந்தவள் கண்ணில் அது அடுப்பு மேடையில் பட்டது. தலையைக்கூட வாராமல் எடுத்துக்கொண்டு ஓடினாள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் கடைசி நிறுத்தம். பஸ் அங்கே திரும்புமுன் சற்று நேரம் நிற்கும்.

போனவள் வேறு ஆளாகத் திரும்பி வந்தாள்.

“பஸ்ல கடைசி சீட்டுலதான் உட்கார்ந்து சாப்பிடுறாருக்கா. மூடியில எனக்கும் கொஞ்சம் போட்டாரு. கேரட்டைக் கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

“ஆமா, பெரிய கச்சேரி!”

“போக்கா. எதிர்ல உட்கார்ந்து அவர் சாப்பிடுறதைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா?”

அதற்குப் பிறகு பொடிச்சிக்கு மறதி அதிகமாகிவிட்டது. வாரத்தில் பாதி நாள் புட்டி அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மதியமானால் அதை எடுத்துக்கொண்டு, தலை வாரி, முகம் கழுவி, பதறியது போல ஓடுவாள். “டிரைவரே, ஒருநாள் வீட்டம்மா உங்களையே மறந்துடப் போறாங்க” என்று கண்டக்டர் கேலி பண்ணினாராம்.

நம் ஆளுக்கோ கேலியும் ஏறவில்லை, மறதியும் புரியவில்லை. ஒரு சாயங்காலம் என்னிடம் வந்து நின்றார்.

“அண்ணி, அவ தூக்கம் கெட்டு ஓடி வர்றது பாவமா இருக்கு. பஸ்லயே ஒரு எலுமிச்சம்பழமும் உப்புப் பொட்டலமும் வச்சுட்டேன். இனிமே புட்டியை மறந்தா மறந்துட்டுப் போகட்டும். நிம்மதியாத் தூங்கச் சொல்லுங்க.”

சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நான் யார் என்று முழுங்கிக்கொண்டேன்.

காலையில் அவர் சொல்லச் சொன்னதைச் சொன்னேன்; செருப்பைக் கழற்றிக்கொண்டே பொடிச்சி காதில் வாங்கிக்கொண்டாள். “நல்லதுதான்” என்றாள். அன்று மதியம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பஸ் திரும்பும் ஹாரன் கேட்டது. கண்ணை மூடவே இல்லை என்பது முதுகைப் பார்த்தே தெரிந்தது.

“அவர்கிட்டச் சொல்லித் தொலையேன்டி.”

“கட்டின புருஷன்கிட்ட, உன்னைப் பார்க்கணும்போல இருக்குன்னு ஆள் விட்டா சொல்லுவாங்க? அவரா நினைக்கணும்க்கா.”

அன்று சாயங்காலம் வழக்கத்துக்கு ரெண்டு மடங்கு காய் நறுக்கினாள். ஜாடி கொள்ளாமல் அமுக்கி அமுக்கி அடைத்தாள். பையில் ரெண்டு ஸ்பூன் போட்டாள். மறுநாள் டிரைவர் வந்ததும் வராததுமாக, “அண்ணி, அவளுக்கு எவ்வளவு நல்ல மனசு! கண்டக்டருக்கும் சேர்த்து வச்சிருக்கா. ரெண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்” என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. “அந்த ஸ்பூன் கண்டக்டருக்குன்னு அவ சொன்னாளா?” என்று மட்டும் கேட்டேன்.

ஜாடியைக் கழுவினார். ஸ்பூன்களைக் கழுவினார். ஒன்றைத் துடைத்து வைத்தார். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, குழாய் ஒழுகுவதுகூடத் தெரியாமல் வெகுநேரம் நின்றார்.

மறுநாள் காலை வேலையிலிருந்து வந்த பொடிச்சி தண்ணீர் எடுக்க பிரிட்ஜைத் திறந்தாள். திறந்தபடியே நின்றுவிட்டாள்.

“அக்கா! அவர் ஜாடியையே விட்டுட்டுப் போயிட்டாரு!”

எட்டிப் பார்த்தேன். ஜாடி வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் பக்கத்தில், பஸ்ஸில் கிடந்து தோல் சுருங்கிய எலுமிச்சம்பழமும் அவிழ்க்காத உப்புப் பொட்டலமும்.

அவள் தூங்கவில்லை. குளித்து, பின்னலைப் போட்டு அவிழ்த்து, திரும்பப் போட்டு, மதியத்துக்கு எவ்வளவோ முன்பே பையோடு வாசலில் போய் நின்றாள். அந்த பஸ் அங்கே நிற்கும் நேரம் ரெண்டு பேர் சாப்பிடவே போதாது. போகட்டும். பைக்குள் ரெண்டு ஸ்பூனும் ஒன்றோடொன்று உரசும் சத்தம் தெருமுனை திரும்பும்வரை எனக்குக் கேட்டது.