எதிர்வீட்டு அக்காவின் திட்டு

பூச்செடித் தொட்டிகளைப் பிக்கப் வண்டியில் ஏற்றி விற்றே பிள்ளைகளை ஆளாக்கியவர் செடிக்காரர். அவருக்கும் எதிர்வீட்டு அக்காவுக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம். அன்று காலை அவர் லோடு ஏற்றப் போகும்போதே அக்கா பிடித்துக்கொண்டாள்.

"உங்க வண்டி நின்ன இடமெல்லாம் எண்ணெய். பின்சக்கரத்துல வழியுறது கண்ணுக்குத் தெரியலையா தம்பி?"

அவள் வாயை அடைத்தால் போதும் என்றுதான் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் டிரம்மைத் திறந்து பார்த்தார். எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆக்சில் சீல் கிழிந்து, பிரேக் ஷூ எண்ணெயில் ஊறிக் கிடந்தது; மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. போகவிருந்ததோ மலைப்பாதை.

பயணத்தைத் தள்ளிப்போட்டார். ஆக்சிலை உருவி, பழைய சீல் வளையத்தை நெம்பி எடுத்து, புதியதைச் சாயாமல் தட்டி உட்காரவைத்தார். பிரேக் ஷூவையும் மாற்றினார். பிறகு பூத்திருந்த செம்பருத்தித் தொட்டி ஒன்றோடு எதிர்வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார்.

அக்கா தொட்டியை வாங்கி வாசலில் வைத்தாள். "இனிமே கொஞ்சம் தன்மையா சொல்றேன் தம்பி."

"வேண்டாங்க்கா. தன்மையா சொல்லியிருந்தா நான் காதுலயே போட்டிருக்க மாட்டேன்."

மறுநாள் செங்குத்தான இறக்கத்தில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது. "மகராசி, நல்லா இருக்கணும்" என்றார், தனக்குத்தானே.