சம்பந்தியம்மா கையில் கோடாலி

போன ஞாயிற்றுக்கிழமை காலை. அவனியாபுரத்தில் ஒரு தகர ஷெட். என் கையில் ஒரு கோடாலி. பக்கத்தில் என் சம்பந்தியம்மா... அவர் கையிலும் ஒரு கோடாலி.

பதறாதீர்கள். சண்டை இல்லை. போட்டிக்கு வந்திருந்தோம்.

கோடாலி எறிதல் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. மரப்பலகையில் வட்டங்கள் வரைந்திருப்பார்கள். தள்ளி நின்று, தலைக்கு மேலே தூக்கி எறிய வேண்டும். கோடாலி காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிப் போய்ப் பலகையில் குத்தி நிற்கும். நடு வட்டத்தில் குத்தினால் அதிக பாயின்ட்.

ஐம்பது தாண்டியவளுக்கு இது எதற்கு என்று கேட்காதவர்கள் எங்கள் பசுமலையில் இல்லை. மகள் நித்யா கல்யாணமாகி ஆனையூர் போன பிறகு எனக்குச் சாயங்காலங்கள் நீண்டுவிட்டன. ஆபீஸ் தோழி ஒருத்தி ஒருநாள் இங்கே இழுத்து வந்தாள். எறிந்ததெல்லாம் தரையில் விழுந்தது. கிளம்பும்போது எறிந்த ஒன்று மட்டும் 'தொக்'கென்று குத்தி நின்றது. அந்தச் சத்தம் பிடித்துப்போயிற்று. வேறு காரணம் எதுவும் இல்லை.

விஷயம் தெரிந்து நித்யாவின் மாமியார் போன் செய்தார். சம்பந்திகள்தான், ஆனால் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். "என்ன மதினி, கோடாலியெல்லாம் எறியுறீகளாம்? நானும் வாரேன்" என்றார். வந்தார். நல்ல கைப்பலம். சீக்கிரமே எனக்குச் சமமாக எறிய ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் அந்த ஷெட்டை நடத்தும் கிளப்பில் போட்டி வைத்தார்கள். குலுக்கலில் முதல் ஆட்டமே எனக்கும் அவருக்கும்!

வீட்டில் சொன்னேன். என் கணவர் பேப்பரை மடித்து வைத்தார். "பேசாம தோத்துரு. நம்ம புள்ள அங்கதான் இருக்கணும்."

நான் மறுக்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவள் ஆயிற்றே. கல்யாணத்தில் அவர்கள் ஆட்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் எங்கள் ஆட்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். போனில்கூட நான் முதலில் வைப்பதில்லை. மதினி கெட்டவர் இல்லை, ஒருநாளும் அதட்டியது கிடையாது. ஆனாலும்... யாரும் கேட்காமலேயே குனிந்து பழகிய முதுகு இது.

சரி, தோற்பது என்ன பெரிய வேலையா? பெரிய வேலைதான். பழகிய கை பலகையின் நடுவையே தேடுகிறது. ஓரமாகவும் எறிய வேண்டும், வேண்டுமென்றே எறிந்ததாகவும் தெரியக்கூடாது. எனக்கு வியர்த்துக் கொட்டியது.

இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எறிந்த இருவரும் சேர்ந்து பலகைவரை நடக்க வேண்டும். யாருக்கு எத்தனை பாயின்ட் என்று பேசி ஒத்துக்கொண்ட பிறகுதான் கோடாலியைப் பிடுங்கலாம். ஒத்துப்போகாவிட்டால் மட்டும் ரெஃப்ரி வருவார். எனக்கு இது வசதியாகப் போயிற்று. மதினியின் கோடாலி கோட்டுக்கு வெளியே குத்தியிருந்தாலும், "உள்ளதான் மதினி" என்று நானே முந்திக்கொண்டேன். அவரும் தலையாட்டிவிட்டுக் கோடாலியைப் பிடுங்கினார். முதல் ரவுண்டு அவருக்கு.

மாமியாரோடு வந்திருந்த நித்யா, கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா வேணும்னே தோக்குற?"

"மெல்லப் பேசுடி. எல்லாம் உனக்காகத்தான்."

"எனக்காகன்னா ஒழுங்கா எறி. நான் மறுபடி வேலைக்குப் போறேன்னு கேட்டப்ப அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா? 'உங்கம்மாகிட்ட கேட்டேன், உங்க இஷ்டம்னு சொல்லிட்டாங்களே'ன்னாங்க. நீ விட்டுக் குடுக்குறது அம்புட்டையும் நான்தாம்மா அங்க விட்டுக் குடுக்குறேன்."

போன மாதம் போனில் அப்படித்தான் சொன்னேன். மரியாதையாகப் பேசிவிட்டதாகப் பெருமை வேறு! நான் குனிந்தால் அவள் நிமிர்ந்து இருப்பாள் என்றல்லவா நினைத்திருந்தேன்?

இரண்டாவது ரவுண்டில் ஒழுங்காக எறிந்தேன். அது எனக்கு. மூன்றாவது ரவுண்டு கடைசி எறி வரைக்கும் இழுத்தது. சேர்ந்து நடந்து போய்ப் பார்த்தோம். என்னுடையது நடு வட்டத்தில்தான், சந்தேகம் இல்லை. மதினியுடையது நடு வட்டத்துக்கு ஒரு நூல் வெளியே. உள்ளே என்றால் ஆட்டம் அவருக்கு. வெளியே என்றால் எனக்கு.

அவர் பழக்கத்தில் என் முகத்தைப் பார்த்தார். "உள்ளதான மதினி?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. கண்ணெதிரே வெளியே இருப்பதை உள்ளே என்று சொல்ல நாம்தான் எத்தனை நல்ல பெயர் வைத்திருக்கிறோம்... மரியாதை, அனுசரணை, பெருந்தன்மை.

"இல்ல மதினி, வெளிய இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். உற்றுப் பார்த்தார். "ஆமா... வெளியதான்" என்று கோடாலியைப் பிடுங்கினார்.

வந்த தைரியம் போவதற்குள் மற்றதையும் சொல்லிவிட்டேன். "நித்யா வேலைக்குப் போகட்டும் மதினி. அன்னைக்கு போன்ல உங்க இஷ்டம்னு சொன்னேன்ல, அது என் மனசுல உள்ளது இல்ல."

அவர் கோடாலியைக் கொண்டுபோய் வைத்தார். எனக்கு முன்னே வெளியே டீக்கடைக்கு நடந்தார். ஒரு விளையாட்டுக்காக மகள் வாழ்க்கையில் கை வைத்துவிட்டோமோ?

டீ பாதியானபோது பேசினார். "எம் மகளத் திண்டுக்கல்ல குடுத்திருக்கோம்ல. அவளும் வேலைய விட்டுட்டுதான் உக்காந்திருக்கா. அவ மாமியார் கேட்டப்ப நானும் உங்க இஷ்டம்னுதான் சொன்னேன்."

மிச்ச டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "நித்யா போகட்டும் மதினி. அவ மாமனார்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். டம்ளரை வைத்துவிட்டு, "அந்தத் திண்டுக்கல் சம்பந்தியம்மாவையும் ஒருநாள் இங்க கூட்டிட்டு வரணும்."

"கூட்டிட்டு வாங்க மதினி," என்றேன். "கோடாலி நான் தாரேன்."