போண்டாவுக்காக உபவாசம் இருந்தவர்கள்

ஆண்டவருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, ஜோகுபாளையத்திலிருந்து தேவராஜ் எழுதுகிறேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. ஏசி மெக்கானிக். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. எழுதியும் பழக்கம் இல்லை. ஆனால் போன வருடம் என் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இருந்தால், வாங்கிய நன்மையை ஒளித்து வைத்தவன் ஆகிவிடுவேன்.

நம் சபையில் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். விபத்தில் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். என் சாட்சி ஒரு கினி பிக்கைப் பற்றியது. இரண்டு கையையும் சேர்த்தால் அதில் அடங்கிவிடும் பிராணி. முயலுக்கும் எலிக்கும் நடுவே ஒரு உருவம். வால் கிடையாது. படித்ததும் சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். அந்த நாட்களில் எனக்குத்தான் சிரிப்பே வரவில்லை.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு ரூம் இருக்கிறது. அதில் பூஜா என்று ஒரு பெண் வாடகைக்கு இருந்தாள். ஹூப்ளிப் பக்கத்துப் பெண். கம்பெனி வேலை. அவள் வளர்த்ததுதான் இந்தக் கினி பிக். போண்டா என்று பெயர் வைத்திருந்தாள். மார்ச் மாதம் அவள் ரூமைக் காலி செய்தபோது கூண்டோடு கீழே வந்து நின்றாள்.

"அங்கிள், ரெண்டே வாரம். புது பிஜி ஹாஸ்டல்ல செட்டில் ஆகிட்டு வந்து எடுத்துக்கறேன். ப்ளீஸ் அங்கிள்."

நான் சரி என்றேன். இரண்டு வாரம் இரண்டு மாதம் ஆனது. முதலில் போனை எடுத்தாள், அடுத்த மாதம் என்றாள். பிறகு எடுக்கவில்லை. பிறகு அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

என் மனைவி எஸ்தர் கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை பார்க்கிறாள். காலை எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் வருவாள். முதல் நாளே சொல்லிவிட்டாள். "இதோ பாருங்க, நீங்க சரின்னு சொன்னீங்க, நீங்களே பாத்துக்கோங்க. என்னை இதுல இழுக்காதீங்க." அவள் சொன்னதில் தப்பில்லை.

போண்டாவால் முதலில் ஒரு தொந்தரவும் இல்லை. புல்லும் கொத்தமல்லியும் குடைமிளகாயும் தின்னும். என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் விசில் அடிக்கும். அவ்வளவுதான்.

ஜூலையில் ஒரு நாள் கவனித்தேன். கொத்தமல்லியை ஆசையாக ஓடி வந்து வாயில் வாங்குகிறது. மெல்லப் பார்க்கிறது. கீழே போடுகிறது. மறுபடி எடுக்கிறது. மறுபடி போடுகிறது. தாடையெல்லாம் எச்சில் ஈரம். நாலு நாளில் முதுகெலும்பு கைக்குத் தட்டியது.

இந்த மாதிரி பிராணிகளைப் பார்க்கிற டாக்டர் ஊரின் மறுகோடியில்தான் இருந்தார். ஸ்கூட்டரின் முன்னால் அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு போனேன். சின்ன வயது டாக்டரம்மா. வாயைத் திறந்து லைட் அடித்துக் காட்டினார். இதற்குக் கடைவாய்ப் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்குமாம். போண்டாவுக்குப் பல் வரிசை கோணல். வளர்ந்த பல் நாக்கின் மேல் வளைந்து பூட்டு மாதிரி மூடியிருந்தது.

"மயக்கம் குடுத்து ராவி விடறேன். ஆனா மறுபடி வளரும். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை செய்யணும். இது குணமாகிற வியாதி இல்ல சார், பாத்துக்கிட்டே இருக்க வேண்டிய வியாதி."

அந்தக் கடைசி வார்த்தையின் கனம் எனக்கு அப்போது தெரியவில்லை.

பல்லை ராவிய பிறகும் அது தானாகத் தின்னாது. தீனியை ஊற வைத்துக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். வயிறு காலியாகக் கிடந்தால் குடல் நின்றுபோய் இரண்டே நாளில் செத்துவிடுமாம். அதனால் விடியற்காலை ஒரு தடவை கொடுப்பேன். காலை ஒன்பதுக்கு ஒரு தடவை. மதியம் ஒரு மணிக்கு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வருவேன். கஸ்டமர் வீட்டில் ஏசியைக் கழற்றிப் போட்டபடி, "ஒரு ஸ்பேர் வாங்கணும் மேடம், இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வருவேன். தினமும் ஒரு பொய். ஒரு வேளைக்குக் கூழ் கொடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். பாதியைத் துப்பிவிடும். சட்டையெல்லாம் பச்சைக் கறை. முடித்ததும் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்ப்பேன். நேற்றைவிடப் பத்து கிராம் குறைந்திருந்தால் அன்றைக்கு முழுக்க மனசு சரியாக இருக்காது.

இப்படி ஐந்து மாதம். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றபடி தூங்கியிருக்கிறேன். இரண்டு பழைய கஸ்டமர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எஸ்தர் பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை எதுவும் இல்லை. என் முகத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பேஜாராக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஞாயிறு ஆராதனையில் விண்ணப்பச் சீட்டு கொடுத்தார்கள். எனக்கு ஜெபம் தேவை. ஆனால் கினி பிக்குக்கு ஜெபம் என்று எப்படி எழுதுவது? முன்வரிசையில் கீமோ எடுக்கிற சகோதரி உட்கார்ந்திருக்கிறார். கை கூசியது. கடைசியில், "வீட்டில் ஒரு நோயாளி. சாப்பாடு இறங்கவில்லை. பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் பெலன் இல்லை" என்று மட்டும் எழுதிப் பெட்டியில் போட்டேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. மொத்தமாகப் பார்த்தால் ஏமாற்று.

பாஸ்டர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டார். "நம்ம தேவராஜ் பிரதர் வீட்ல" என்று பெயரையும் சொன்னார். பக்கத்தில் இருந்த எஸ்தர் என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் வலித்தது. ஆராதனை முடிந்ததும் சகோதரிகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் இயல்பிலேயே ஒல்லி. நோயாளி அவள்தான் என்று நினைத்துச் சிலர் தலையைத் தடவினார்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று அவள் சொல்லச் சொல்ல இன்னும் பரிதாபமாகப் பார்த்தார்கள். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். செருப்பைத் தேடுகிற மாதிரி வெளியே வந்துவிட்டேன். மூன்று வாரம் இப்படியே போனது. யார் கேட்டாலும், "அப்படியேதான் இருக்குது" என்பேன்.

டிசம்பர் முதல் வாரம், வெள்ளிக்கிழமை மதியம். எடை ஐந்நூற்று எண்பது கிராம். நல்லா இருந்தபோது தொள்ளாயிரம். கூழை உள்ளே விட விட அது துப்பியது. மூன்றாவது தடவை துப்பியபோது என்ன ஆனதென்று தெரியவில்லை, சிரிஞ்சைச் சுவரில் வீசி அடித்தேன். "செத்துத் தொலை!" என்று கத்தினேன். போண்டா மூலையில் போய் ஒண்டிக்கொண்டது. சத்தம் போடவில்லை. உடம்பு மட்டும் நடுங்கியது.

சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். பிறகு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். கஷ்டப்படாமல் போக ஒரு ஊசி உண்டு என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். "திங்கட்கிழமை கொண்டு வாங்க சார்" என்றார். போனை வைத்துவிட்டு ஜெபம் செய்தேன். அலங்காரமாக ஒன்றும் இல்லை. "ஆண்டவரே, இது என்னுதும் இல்ல. என்னால முடியல. நீரே எடுத்துக்கொள்ளும். இல்லன்னா யாரையாவது அனுப்பும்." அவ்வளவுதான் சொன்னேன். ஆமென் சொன்னேனா என்பதுகூட ஞாபகம் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. எஸ்தருக்கு அரை நாள் லீவு. ஐந்து மணி இருக்கும், கேட் தட்டும் சத்தம். எட்டிப் பார்த்தால் பாஸ்டர், பாஸ்டரம்மா, ரோஸி சிஸ்டர் மூன்று பேரும் நிற்கிறார்கள். ரோஸி சிஸ்டர் நம் சபைக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஹார்லிக்ஸ், பிரட், மூன்று சாத்துக்குடி.

"நோயாளியப் பாத்து ஜெபிச்சிட்டுப் போகலாம்னு வந்தோம் பிரதர்" என்றார் பாஸ்டர்.

தூங்குறாங்க என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அதற்குள் எஸ்தர் சமையலறை வாசலில் வந்து நின்று, "அங்க இருக்குது பாஸ்டர். கூண்டுல" என்றாள்.

மூன்று பேரும் கூண்டைப் பார்த்தார்கள்.

"இதுவா?" என்றார் பாஸ்டரம்மா. "பிரதர், மூணு வெள்ளிக்கிழமையா நாலு சிஸ்டருங்க உபவாசம் இருக்காங்க. பச்சைத் தண்ணி குடிக்காம. இதுக்கா?"

உபவாசம் இருந்தது எனக்குத் தெரியாது. "மன்னிச்சிடுங்க. எழுத வெக்கமா இருந்துச்சு. பொய் எழுதல, ஆனா..." என்றேன்.

உபவாசம் இருந்த நாலு பேரில் ரோஸி சிஸ்டரும் ஒருவர். அவர் கூண்டின் முன்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். போண்டாவைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த கூழ்க் கிண்ணத்தைப் பார்த்தார்.

"இப்ப குடுக்கிற நேரமா?"

"ஆமா சிஸ்டர்."

"கை கழுவிட்டு வர்றேன். ஒரு சின்னத் துண்டு குடும்மா எஸ்தர்."

எஸ்தர் துண்டு கொடுத்தாள். ரோஸி சிஸ்டர் போண்டாவைத் துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய மடியில் வைத்துக்கொண்டார். நான் எப்போதும் நேராகத்தான் விடுவேன். "நேரா ஊத்தாதப்பா, மூச்சுக்குழாய்ல போயிடும். பயத்துலதான் துப்புது. பாரு, பக்கவாட்டுல, பல்லுக்குப் பின்னால. கொஞ்சமா. முழுங்கட்டும். அவசரப்படக் கூடாது" என்றார். போண்டா முழுங்கியது. இரண்டாவது தடவையும் முழுங்கியது. அவர் கை நடுங்கவே இல்லை. பதினைந்து நிமிடத்தில் கிண்ணம் காலி.

"ஐசியுல முப்பது வருஷம் இதே வேலைதான் செஞ்சேன்" என்றார். "ரிடையர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. என்னை எதுக்கும் யாரும் கூப்பிடல. தினமும் மதியம் ஒரு மணிக்கு நான் வர்றேன் தம்பி. சாவி குடுத்துட்டுப் போங்க."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரையாவது அனுப்பும் என்று நேற்றுத்தான் கேட்டிருந்தேன். அது ரோஸி சிஸ்டருக்குத் தெரியாது. எஸ்தருக்கும் தெரியாது.

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "இது பேர் என்ன பிரதர்?"

"போண்டா, பாஸ்டர்."

அவர் கண்ணை மூடி, கூண்டின் மேல் கை வைத்து, "கர்த்தாவே, உம்முடைய கையின் படைப்பாகிய இந்த... போண்டாவை..." என்று ஆரம்பித்தார். எஸ்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே அது அழுகையாக மாறிவிட்டது. பாஸ்டர் நிறுத்தவில்லை. போண்டாவுக்காக ஜெபித்தார். எனக்காக ஜெபித்தார். பிறகு எஸ்தருக்காக ரொம்ப நேரம் ஜெபித்தார்.

போகும்போது, "அடுத்த ஞாயிறு நீங்களே எழுந்து சபைக்கு உண்மையச் சொல்லிடுங்க" என்றார். சொன்னேன். சிலர் சிரித்தார்கள். உபவாசம் இருந்த ஒரு சகோதரி இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. பாஸ்டரம்மா பேச ஒரு மாதம் ஆனது. அது எனக்கு வர வேண்டியதுதான்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் போனேன். ஊசிக்காக அல்ல, பல் ராவ. செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனேன். டொம்லூரில் ஒரு அடுக்குமாடி. மணி ஒன்று அடித்தது. என் உடம்பு பழக்கத்தில் எழுந்துவிட்டது. எங்கேயும் ஓட வேண்டாம் என்று பிறகுதான் உறைத்தது. அந்தக் கட்டடத்தின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். புளிச்சாதமும் உருளைக்கிழங்கும். முழுக்கச் சாப்பிட்டேன். சுவரில் சாய்ந்தேன். கண் விழித்தபோது வாட்ச்மேன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஏன் சார், ஹுஷாரில்வா?" என்று கேட்டார், உடம்பு சரியில்லையா என்று. "ஹுஷாராகத்தான் இருக்கிறேன் அண்ணா" என்று சொல்லும்போதே கண்ணீர் வந்தது. அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

இப்போது போண்டாவின் எடை எழுநூற்று நாற்பது. நோய் போகவில்லை. இந்த வெள்ளிக்கிழமை மறுபடி பல் ராவ வேண்டும். என்றைக்காவது மயக்கத்திலிருந்து எழாமலே போகலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நான் இன்னும் களைப்பாகத்தான் இருக்கிறேன். ஆனால் தனியாகக் களைத்துப்போவது வேறு, நாலு பேரோடு களைத்துப்போவது வேறு. விடியற்காலைக் கூழை எஸ்தர் கொடுக்கிறாள். நான் கேட்கவில்லை, ஒரு நாள் எழுந்து பார்த்தபோது துண்டும் போண்டாவும் அவள் மடியில் இருந்தன. கஸ்டமரிடம் பொய் சொல்வது நின்றது. பூஜா மேல் இருந்த கோபமும் எப்போதோ போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு என்ன கஷ்டமோ. அவளுக்காகவும் ஜெபிக்கிறோம்.

அன்பானவர்களே, உங்கள் பாரம் சிறியது, சொன்னால் சிரிப்பார்கள் என்று நீங்களே அதை ஆண்டவரிடம் கொண்டுபோகாமல் இருந்துவிடாதீர்கள். அளவு பார்த்து அவர் பதில் தருவதில்லை. அவர் பதில் பெரும்பாலும் நடந்து வருகிறது, மூட்டு வலியோடு, கையில் மூன்று சாத்துக்குடியோடு. உங்கள் வீட்டுக் கேட்டை அது தட்டும்போது தயவுசெய்து உள்ளே கூப்பிடுங்கள்.